மாவு மழை

குப்பை லாரிக்காரர்கள் லேசில் எதற்கும் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு அதே கையால் காதைச் சொறிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆள், வாசலில் வைத்திருந்த சாக்கு மூட்டையின் கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததைத் தையல்காரி பார்த்தாள். பயம் அவளுக்குள் அந்த இடத்தில்தான் காலெடுத்து வைத்தது.

பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடை ஒன்றுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தவள், லாரிச் சத்தம் கேட்டு வாயில் குண்டூசியோடு எழுந்து வந்திருந்தாள். குண்டூசிகளை எடுத்துத் தோள் துணியில் குத்திக்கொண்டு, கனமாக இருக்கிறதா, இரண்டாகப் பிரித்துக் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

"கனம் இல்லம்மா. இது எங்க இருந்து எடுத்தது?"

"பின்னாடி ரூம் சீலிங். பழைய அட்டை. வீட்டுக்காரர்தான் உடைச்சு எடுத்தாரு, ஞாயித்துக்கிழமை."

லாரிக்காரர் மூட்டையின் வாயைக் கால் கட்டைவிரலால் மெல்ல மூடினார். "ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி இருக்குது. ஓரத்துல பாருங்க, நார் நாரா பிஞ்சு நிக்குது. இதை லாரியில ஏத்தக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்காங்க. அமுக்குற மிஷின்ல போட்டா பொடியாகி எங்க மூச்சுலதான் போகும். வண்டி பக்கவாட்டுல நம்பர் எழுதியிருக்குது, அதுக்குப் போன் போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க. அந்த ரூமைப் பெருக்கிடாதீங்க."

"பெருக்கிட்டேனே," என்றாள்.

அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வண்டி ஓரத்தில் தொங்கிய தண்ணீர்க் கேனைத் திறந்து கை இரண்டையும் முழங்கை வரை கழுவினார். இத்தனை காலமாக அந்தத் தெருவுக்கு வருகிற மனிதர், அவர் கை கழுவி அவள் பார்த்ததே இல்லை.

தூசி என்றால் தையல்காரிக்கு ஆகாது. அதை ஊரே அறியும். வெள்ளைத் துணி தைக்கிறவளுக்குத் தூசியைப் போல எதிரி வேறு யார் இருக்க முடியும்? ஜன்னலைத் திறந்தால் தெருப் புழுதி, மூடினால் புழுக்கம். வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அளவு கொடுக்க வருகிற பெரிய மனுஷிகளே அவள் வாசலில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். மிஷினை முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. பின் அறையில் மாமனார் இருந்து, அவருக்குப் பிறகு தட்டுமுட்டுச் சாமான் இருந்தது. உத்தரம் தாழ்வு, சீலிங் அட்டை கறுத்துத் தொங்கியது. அட்டையை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சம் போட்டு, மின்விசிறி மாட்டித் தருகிறேன் என்று புருஷன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

புருஷன் எலக்ட்ரீஷியன். பழைய கட்டடங்களில் சீலிங்கைத் துளைத்து, உள்ளே தலையை விட்டு ஒயர் இழுக்கிற வேலை. பேச்சில் கெட்டிக்காரன், எதைச் சொன்னாலும் அதில் ஒரு கிண்டல் வைத்திருப்பான். சொன்னதை உடனே செய்கிற பழக்கம் மட்டும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு வாடிக்கை வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, திரும்பி வரும்போது ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அவனுக்கு வேகம் வந்துவிட்டது.

அவளுக்குப் பயந்து அவன் செய்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் கொடுமை. தைத்து முடித்த சீருடைகள் அந்த அறையின் மூலையில்தான் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் வீட்டில் ரணகளம் என்று அவனுக்குத் தெரியும். படுக்கையறைக் கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவிக்கொண்டு வந்து, அந்த அடுக்கை நாலு பக்கமும் செருகி மூடினான். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதே என்று ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தி, கீழே கோணியை அடைத்தான். அப்புறம் கட்டிங் மிஷினை எடுத்து அட்டையை அறுத்தான். அறுபடாததைச் சுத்தியலால் தட்டி உடைத்தான். பாதி இறங்கியதும், மீதி அடுத்த வாரத்துக்கு என்று விட்டான்.

அவள் வந்து கதவைத் திறந்தபோது மாவு மில் ஆள் மாதிரி நின்று சிரித்தான். புருவம் வெள்ளை, மீசை வெள்ளை. "நீ பயப்படாத. உன் துணி மேல ஒரு பொட்டு விழலை. எடுத்துப் பாரு," என்றான்.

அவள் பார்த்தாள். உண்மைதான். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அக்கறை எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குளிக்கப் போகச் சொல்லிவிட்டு, விரிப்புகளை நாலு மூலையும் கூட்டிப் பிடித்து அள்ளிக்கொண்டு பின்கட்டு முற்றத்துக்குப் போனாள். படிக்கட்டில் ஏறி நின்று, கைகளை உயர்த்தி, ஓங்கி ஓர் உதறு உதறினாள்.

பெண் கீழே நின்றிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர், ஒன்றாம் வகுப்பு. வெயிலில் தூசி மெல்ல இறங்கி வந்ததை அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, கைகளை விரித்துக்கொண்டு சுற்றினாள்.

"அம்மா, மாவு மழை. இன்னொரு தடவை."

அந்த நேரம் தையல்காரிக்கும் மனசு நிறைந்திருந்தது. புது அறை வரப்போகிறது, புருஷன் துணியை மூடி வைத்திருக்கிறான், பிள்ளை சிரிக்கிறது. வேறென்ன வேண்டும் ஒருத்திக்கு. இரண்டாவது விரிப்பை எடுத்து, பிள்ளையின் தலைக்கு நேராகப் பிடித்து, வேண்டுமென்றே நன்றாக உதறினாள்.

லாரி போன பிறகு வாசலில் நின்றபடியே அந்த இரண்டாவது உதறலைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதலாவதை விட்டுவிடலாம், அது தெரியாமல் செய்தது. இரண்டாவதும் தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் அதை வேண்டுமென்று செய்தாள், சிரித்துக்கொண்டே செய்தாள்.

போன் போட்டாள். எடுத்தவர் நிதானமாக விவரம் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் ஆள் வரும், அறையைச் சாத்தி வையுங்கள், மூட்டையின் மேல் தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள் என்றார். பெருக்கின துடைப்பம் வெளியே மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துத் தூக்கிப் போடலாமா, தொடலாமா, விடலாமா என்று தெரியாமல் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி தைத்த பாவாடை மிஷின் ஊசிக்குக் கீழே அப்படியே கிடந்தது.

சாயங்காலம் புருஷன் வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஊர்ல பாதி வீட்டுக்கு இதுதான் கூரை. எல்லாரும் செத்தா போயிட்டாங்க? எங்கப்பா அந்த ரூம்லதான் ஆயுசு முழுக்கத் தூங்கினாரு. கடைசி வரைக்கும் அவரு இருமினதே இல்ல, திட்டினதுதான் அதிகம்."

"லாரிக்காரரு பயந்து பின்னாடி நகந்தாருங்க. நான் பார்த்தேன்."

"அவன் வேலை செய்யச் சோம்பேறித்தனப்பட்டு எதையாவது சொல்லியிருப்பான். கண்ணுக்குத் தெரியாததோடதான் எனக்குப் பொழப்பே. கரண்ட்டுக்கே பயப்படாதவன், அட்டைக்கா பயப்படுவேன்?"

இப்படிச் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். வாலு ஓடி வந்து வழக்கம்போல அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு மிட்டாய் தேடினாள். தையல்காரி சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், தினமும் செய்கிற மாதிரியே ஓங்கி உதறிவிட்டு வாளியில் ஊறப் போட்டாள். ஏழெட்டு வருஷப் பழக்கம். கை அதுபாட்டுக்கு உதறியது. அதில் ஒரு பயமும் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவளுடைய பயம் எல்லாம் அந்தச் சாக்கு மூட்டையிலேயே இருந்தது.

மறுநாள் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கொஞ்சம் பருமன், ஜலதோஷம், பேச்சு குறைவு. வாசலிலேயே மூக்கையும் வாயையும் மூடுகிற வட்ட வடிகட்டிகள் வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு, கையுறை போட்டு, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பீச்சியை எடுத்தார். தையல்காரி துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற அதே மாதிரிப் பீச்சி, அதே நீல நிறம். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் உடைந்த அட்டையின் ஓரத்தை நன்றாக நனைத்து, விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி, பைக்குள் பை போட்டு ஒட்டினார். அப்புறம் அறையைச் சாத்தி, கதவு இடுக்கு முழுக்க டேப் ஒட்டினார். அதுவரை எல்லாம் ஏதோ வேலை நடக்கிற மாதிரி இருந்தது. டேப் கிழிகிற சத்தம் கேட்டதும்தான் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கதவு தனக்கு எதிராக மூடப்படுகிறது என்று அவளுக்கு உறைத்தது.

முகமூடியைக் கழற்றிவிட்டு, முன் அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். புருஷன் அன்று வேலைக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, தன் அப்பா ஆயுசு முழுக்க அந்த அறையில் தூங்கின கதையை மறுபடி எடுத்தான்.

"முழுசா, பெயிண்ட் அடிச்சு, யாரும் கை வைக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்," என்றார் அந்த அம்மாள். "அறுத்தா, துளை போட்டா, உடைச்சாத்தான் வெளிய கிளம்பும். சந்தேகம்னா கையே வைக்கக்கூடாது. அப்படியே விட்டுட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கணும். ரிசல்ட் வரட்டும், இப்பவே முடிவு பண்ண வேணாம். தூசி வேற எங்கெல்லாம் போச்சு?"

புருஷன் விரிப்பைப் பற்றிச் சொன்னான். இப்போது அதில் அவனுக்குப் பெருமை இல்லை.

"அதை யாரு உதறினது?"

"நான்தான்," என்றாள் தையல்காரி. "முற்றத்துல."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

வாலு அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சுவரோரம் அவளுடைய சின்னச் செருப்பு கிடந்தது. புருஷன் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொன்னால் அது நடந்ததாகிவிடும், சொல்லாவிட்டால் நடக்காததாகவே இருந்துவிடக்கூடும் என்று அந்த ஒரு நொடி அவளுக்கு நிஜமாகவே தோன்றியது.

"யாரும் இல்ல மேடம்," என்றாள்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தாள். அவர் புருஷன் பக்கம் திரும்பி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவன் சொன்னான். எப்படிப்பட்ட கட்டடங்கள் என்று கேட்டார். பழைய ஆஸ்பத்திரி, பழைய குடோன், பழைய பள்ளிக்கூடம் என்று அடுக்கினான். இதே மாதிரி அட்டையைத் துளைத்திருக்கிறீர்களா என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"உங்க வேலைத் துணியை யாரு துவைக்கிறாங்க?"

"இவதான்."

"எப்படித் துவைப்பீங்கம்மா?"

"உதறிட்டு ஊறப் போடுவேன்," என்றாள். சொல்லி முடிக்கும்போதே தன் குரல் தனக்கே கேட்டது. அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் கலக்கிவிட்டது.

"இனிமே உதறாதீங்க," என்றார் மெதுவாக. "அப்படியே தண்ணிக்குள்ள முக்கிடுங்க. ஈரத்துல இருக்கறது பறக்காது. அவரு வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே மாத்திக்கட்டும். குழந்தை இருக்குதில்ல, அவரு குளிக்கிறதுக்கு முன்னாடி அது அவரைத் தொட வேணாம்."

அவர் போன பிறகு புருஷன் சுவரிலேயே சாய்ந்து நின்றான். கிண்டல் ஒன்றையும் காணோம். யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னான்: "கரண்ட்டைத் தொட்டா அப்பவே சொல்லிடும். தப்பு பண்ணினியான்னு அந்த நிமிஷமே கேட்டுடும். இது சொல்ல மாட்டேங்குதே."

ரிசல்ட் வரும் வரை வேறு வீட்டில் இருக்கச் சொல்லி அந்த அம்மாள் போயிருந்ததால், அன்றைக்கே மாற்றுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளி இருந்த அவனுடைய அக்கா வீட்டுக்குப் போனார்கள். நாத்தனார் நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் முன்னால் போகும். விஷயத்தைக் கேட்டதும் மூன்று பேரையும் வாசல் குழாயடியில் நிறுத்திக் குளிக்க வைத்தாள். போட்டிருந்த துணியைக் குச்சியால் எடுத்து வாளியில் போட்டாள். வாலுவுக்கு ஒரே குஷி. அத்தை வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்கக் குளிப்பது அவளுக்குத் திருவிழா. தையல்காரிக்கு மானம் போனது. போகட்டும் என்று நின்றாள். பிள்ளையின் தலைமயிரை நாத்தனார் அழுத்தித் தேய்த்தபோது, இன்னும் தேயுங்கள் அக்கா, இன்னும் நன்றாகத் தேயுங்கள் என்ற சொல் வாய் வரை வந்து நின்றது. அன்றைக்குப் பிறகு பிள்ளை எத்தனையோ தடவை குளித்தாகிவிட்டது, இப்போது தேய்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியும்.

சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. நாத்தனார் வீட்டு ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாக விழும். அதில் தூசி மிதக்கும். எல்லா வீட்டிலும் மிதக்கிற தூசிதான். பிறந்ததிலிருந்து பார்க்கிற தூசிதான். இப்போது அதைப் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொள்வாள். பிள்ளையை அந்தப் பட்டையைத் தாண்டி உட்கார வைப்பாள். நாத்தனார் மெத்தையைத் தட்டினால் எழுந்து வெளியே போய்விடுவாள். இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நாத்தனார் தம்பியிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே வாலுவுக்கு இருமல் வந்தது.

பருவம் மாறுகிற நேரம், பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதெல்லாம் தாய்க்குத் தெரியும். தெரிந்து என்ன, ஒவ்வோர் இருமலுக்கும் அவள் முதுகுத் தண்டில் யாரோ விரல் வைத்து அழுத்தினார்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் முதுகிலும் மார்பிலும் குழாய் வைத்துக் கேட்டு, வெறும் சளி என்றார். பிறகு அட்டை விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அந்த நார் நுரையீரலில் உட்கார்ந்து கொடுக்கிற நோய் உடனே இருமலாக வருகிற சங்கதி இல்லை. வந்தால் எத்தனையோ வருஷம் கழித்து, இந்தப் பெண் தலை நரைக்கிற வயசில்கூட வரலாம். இப்போது பார்க்கிற டெஸ்ட்டும் கிடையாது, கொடுக்கிற மருந்தும் கிடையாது.

"பயப்படாதீங்க," என்றார். "வருஷக்கணக்கா அதுலயே வேலை பார்த்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் வர்றது. வீட்டுல ஒரு நாள் கொஞ்சம் தூசி இருந்ததுன்னா, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

புருஷன் பெருமூச்சு விட்டான். அவளால் விட முடியவில்லை. டாக்டர் ஆறுதல் சொன்னது வேறு ஏதோ ஒரு பிள்ளைக்கு. வீட்டில் எங்கோ கொஞ்சம் தூசி இருந்து, அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு. வாயைத் திறந்து நாக்கை நீட்டி நின்ற பிள்ளையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லையே. அந்தப் பிள்ளைக்கும் பெரும்பாலும்தானா என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் புருஷனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் என்ன சொல்வானோ என்பதைவிட, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவானோ என்றுதான் பயம்.

சில நாளில் போன் வந்தது. அட்டையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ்தான்.

அப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது. அலுவலகம் சொன்ன ஆட்கள் வந்து பின் அறைக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை கட்டினார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் முகமூடி. யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. மேஸ்திரியை மட்டும் முதுகில் மையால் எழுதியிருந்த குறியை வைத்துத் தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் சிரிக்கச் சிரிக்க உடைத்தது போக, மீதிப் பாதி அட்டை இன்னும் சீலிங்கிலேயே இருந்தது. அதை அவர்கள் உடைக்கவில்லை. சோப்புத் தண்ணீரை மெல்லப் பீச்சி, ஊறவிட்டு, திருகாணியை ஒவ்வொன்றாகக் கழற்றி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதைப் போல முழுசாக இறக்கினார்கள். அதையும் வாசலில் இருந்த சாக்கு மூட்டையையும் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினார்கள். சுவரையும் தரையையும் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பைக்குள் போட்டார்கள்.

வாலு அத்தை வீட்டில் இருந்தாள். புருஷனும் தையல்காரியும் முற்றத்து மதிலோரம் நின்று பார்த்தார்கள். விரிப்புகள் பைக்குள் போயின. துடைப்பம் போயிற்று. சீருடை அடுக்கை மேஸ்திரி எடுத்துக்கொண்டு, இதை என்ன செய்ய என்று கேட்பதைப் போல அவள் பக்கம் திரும்பினார். பொட்டுத் தூசி விழாமல் புருஷன் காப்பாற்றிக் கொடுத்த சீருடைகள். ஒவ்வொன்றுக்கும் காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மடித்தவை. அவர் வாய் திறப்பதற்குள், போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். வேறு யாருடைய பிள்ளைக்கும் அதை அவளால் மாட்டிவிட முடியாது.

முற்றத்து மண்ணை நனைத்துச் சுரண்டி எடுப்பதற்காக மேஸ்திரி வெளியே வந்தார். முகமூடிக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள் பேசுவதைப் போல வந்தது.

"எங்க நின்னு உதறினீங்கம்மா?"

படிக்கட்டைக் காட்டினாள்.

"கீழ என்ன இருந்துச்சு? செடித்தொட்டி, சைக்கிள், காயப்போட்ட துணி? தூசி பட்டது எதுவா இருந்தாலும் சொல்லுங்க. இப்ப விட்டா மறுபடி வர மாட்டோம்."

கையில் பையின் வாயை அகலப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசி பட்டதை எல்லாம் அதற்குள் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார், வீடு சுத்தமாகிவிடும். அவள் அந்தப் பையையே பார்த்தாள்.

"எம்பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா," என்றாள்.

மேஸ்திரி பையைத் தாழ்த்தினார்.

"கீழ நின்னா. வாயைத் திறந்துக்கிட்டு நின்னா. மாவு மழைன்னு சொன்னா, இன்னொரு தடவைன்னு கேட்டா. கேட்டான்னு அவ தலைக்கு மேலயே புடிச்சு இன்னொண்ணையும் உதறினேன்." இதை மேஸ்திரியைப் பார்த்துத்தான் சொன்னாள். புருஷன் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

உள்ளே தண்ணீர் பீச்சுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி குனிந்து மண்ணை நனைக்க ஆரம்பித்தார். படிக்கட்டுக்குக் கீழே, பிள்ளை சுற்றிச் சுற்றி வந்த வட்டத்தில், மண் கறுத்துக்கொண்டே வந்தது.

புருஷன் மதிலில் கையை ஊன்றிக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

"அன்னிக்கு அந்த அம்மா கேட்டப்பவே நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியும்," என்றான். "வாலு தலையில வெள்ளையா இருந்துச்சு. நான் குளிச்சுட்டு வந்தப்ப பார்த்தேன். நான்தான் துடைச்சு விட்டேன். கேக்க வேணாம்னு விட்டுட்டேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியேன்னு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் அவனுடைய முகமாகவே இல்லை.

"நீ உதறினது ஒரு நாள். நான் எத்தனை வருஷமா சட்டையில கொண்டு வந்து உன் கையில குடுத்திருக்கேன். தினம் என் இடுப்பைக் கட்டிக்கிட்டு மிட்டாய் தேடினாளே, அதுக்கு நான் யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?"

இருவரும் அங்கேயே நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. வேலை முடிகிற வரை நின்று பார்த்தார்கள்.

மறுபடியும் டாக்டரிடம் போனார்கள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். இரண்டு பேருடைய மார்பிலும் குழாய் வைத்துப் பார்த்தார். புருஷனை வருஷா வருஷம் வந்து நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பீடி சிகரெட் பக்கமே போகக்கூடாது என்றார். பிள்ளையைப் பற்றி, முன்பு சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

காற்றைச் சோதித்துப் பார்த்து, வீடு சுத்தம் என்று சொன்ன பிறகு திரும்பி வந்தார்கள். பின் அறைக்குப் புது சீலிங் போடுகிற ஆசை இருவருக்குமே போய்விட்டது. மிஷின் முன் அறையிலேயே இருந்தது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முக்காலியும் நிரந்தரமாக வந்துவிட்டன. புருஷன் வேலை விட்டு வந்தால் குளியலறைக்குச் சுற்றுவழியாகப் போவான். சட்டையை அவனே தண்ணீருக்குள் முக்குவான். வாலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று, குளிச்சாச்சா, குளிச்சாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முதல் நாள் அப்பா நிறுத்தியபோது அழுதாள். இரண்டொரு நாளில் அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஒரு காலையில் தையல்காரி புது விரிப்பைத் துவைத்து, வாளியோடு தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஈரத் துணியைக் கொடியில் போடுவதற்கு முன் எல்லோரும் செய்கிற மாதிரி இரண்டு முனையையும் பிடித்துக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாலு படிக்கட்டுக்குக் கீழே, அதே இடத்தில், முகத்தை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உதறும்மா. மாவு மழை."

அவள் உதறவில்லை. விரிப்பைக் கொடியில் போட்டு, சுருக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் நீவி எடுத்தாள். பிள்ளை போகவில்லை, காத்துக்கொண்டே நின்றது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து, வாளித் தண்ணீரில் கையை நனைத்து, அதன் முகத்தின் மேல் தெளித்தாள்.

வாலு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, வீடு அதிரச் சிரித்தாள். இன்னொரு தடவை என்றாள். தெளித்தாள். இன்னொரு தடவை என்றாள். தாய் வாளிக்குள் கையை விட்டு விட்டுத் தெளித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் சிரிப்புக்கு நடுவில் எங்காவது ஓர் இருமல் வருகிறதா என்று அவள் காது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.